பசுங்குன்றைப் பாடிய அம்மையார்

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில், வாரத்தின் ஆறு நாளும் உழைத்துப் பிழைத்த ஏழைச் சிறார்க்கு ஓய்வாக வாய்த்த நாள் ஞாயிறு ஒன்றே. அந்நாளில் அவர்களைக் கூட்டி எழுத்தும் மறைநூலும் கற்பிக்க எழுந்தவையே ஓய்வுநாட் பாடசாலைகள். 1780-இல் கிளாஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்பார் மேற்கொண்ட முயற்சியால் அவை நாடெங்கும் பரவின. ஏட்டைப் படிக்க அறியாத பிள்ளையும் இசையோடு கேட்டதை எளிதில் மறவாது. ஆதலின் அப்பள்ளிகளில் பாட்டு ஓர் ஆசிரியனாகவே விளங்கிற்று. அங்ஙனம் பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டுக்கள் இயற்றிப் புகழ் பெற்றவருள் ஒருவர், அயர்லாந்து நாட்டுச் செசில் பிரான்செஸ் அலெக்சாண்டர் அம்மையார்.

அவர் 1818-ஆம் ஆண்டில் டப்ளின் மாநகரில் பிறந்தார். தந்தையார் பெருநிலக்கிழார்களின் நிலங்களை மேற்பார்க்கும் அலுவலர். 1850-இல் ஒரு குருவானவரை மணந்தார். அதற்கு இரண்டாண்டுகட்கு முன்னரே, ‘சிறு குழந்தைகளுக்கான ஞானப்பாட்டுக்கள்’ என்னும் நூல் வெளிவந்துவிட்டது. விசுவாசப் பிரமாணத்தை நெட்டுருச் செய்தல் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் அன்றோ? அம்மையார் அதன் தொடர்களைப் பாட்டுக்களாக விரித்தார். இறைவன் உலகைப் படைத்தான் என்னும் தொடர், மலரும் சிறு புள்ளும் மலையும் ஆறும் நிறைந்த பாட்டாயிற்று. இயேசுபிரானின் பிறப்பைக் கூறும் தொடர், தாயொருத்தி தொழுவத்தில் மகவைக் கிடத்தும் காட்சியாயிற்று. சிலுவைப்பாட்டைக் கூறும் தொடரோ நகர்ப்புறத்துப் பசுங்குன்றாயிற்று. இவையனைத்தும் சிறு பிள்ளை அறிந்த சொற்களாலேயே அமைந்தன. அருஞ்சொற்களை அடுக்கிப் பாடுவார்க்கு இத்துணை உழைப்பு வேண்டுவதில்லை.

எனினும் ஒரு சொல் அவரையும் ஏமாற்றிற்று. அக்குன்று நகர மதிலுக்கு வெளியே உள்ளது என்பதற்கு அவர் ‘வித்தவுட்’ என்னும் சொல்லை வழங்கியிருந்தார். பழைய ஆங்கிலத்தில் அது ‘புறத்தே’ எனவும் பொருள்படும். பிள்ளைகள் அறிந்த பொருளோ ‘இல்லாத’ என்பதே. “குன்றுக்கு மதில் எதற்கு? அது இல்லை என்று வருந்துவானேன்?” என்று ஒரு குழந்தை வினவிற்றாம். நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ நம் மொழியில் இன்று எப்பொருளில் வழங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்குழந்தையின் மயக்கம் நமக்கு வியப்பாகத் தோன்றாது. பிற்காலத்துப் பாட்டு நூல்கள் சிலவற்றில் அவ்விடத்தில் ‘அவுட்சைட்’ என்னும் சொல் அமைந்தது.

சொல்லின் குற்றம் எளிதில் திருந்திற்று. பொருளில் நேர்ந்த குற்றம் அத்தகையதன்று. படைப்பைப் புகழும் பாட்டின் ஒரு பகுதியில், செல்வன் மாளிகையில் வாழ்வதும் ஏழை அவன் வாயிலில் நிற்பதும் இறைவன் வகுத்தனவே என்னும் கருத்து அமைந்திருந்தது. அந்நூல் வெளிவந்த 1848-ஆம் ஆண்டிலோ, உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் 1845-இல் தொடங்கிய கொடும்பஞ்சம் அயர்லாந்தை வாட்டிக்கொண்டிருந்தது. அப்பஞ்சத்தில் மடிந்தவர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். பசித்தோர் நாட்டில் அப்பகுதி பொருந்தாதென்றே கூறல் வேண்டும். 1906-இல் வெளிவந்த ஆங்கிலப் பாட்டு நூலொன்றில் பெர்சி டியர்மர் என்பார் அதனை நீக்கினார். பின்னர்ப் பலரும் அவ்வாறே நீக்கிப் பாடலாயினர்.

ஆயினும் அவ்வடிகளைக் கொண்டு அம்மையாரை இரக்கமற்றவர் எனக் கருதுதல் தகாது. மழையென்றும் சேறென்றும் பாராமல், நெடுந்தொலைவு நடந்து ஏழையர் குடில்களுக்கு உணவு கொண்டுசென்றவர் அவர். 1846-இல் அவரும் உடன்பிறந்தாளும் ஸ்ட்ரபேன் என்னும் ஊரில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தோற்றுவித்தனர். அம்மையார் 1895-இல் இயற்கை எய்தினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவரது பாட்டு நூல் அறுபதுக்கும் மேற்பட்ட பதிப்புக்களைக் கண்டது. அதனால் வந்த ஊதியத்தை அவர் அப்பள்ளிக்கே வழங்கினார். அங்குப் பயின்ற பிள்ளைகளோ அப்பாட்டுக்களில் ஒன்றையேனும் செவியால் கேட்டறியாதவர்கள்.