பாலமும் பிடியரிசியும்

கேள்வி: ஞாயிறுதோறும் சாந்தோம் பேராலயத்தில் திருப்பலிக்குத் தவறுவதில்லை; ஆயினும் வீடு திரும்பியதும் 'எனக்கு' என்னும் எண்ணமே முன்வந்து நிற்கிறது. இதை வெல்ல வழியுண்டா?
(ஒரு வாசகி, மயிலாப்பூர்)

பதில்: சகோதரி, தம் குறையைத் தாமே கண்டு வருந்தும் உள்ளத்தில் கிருபை ஏற்கெனவே கிரியை செய்யத் தொடங்கிவிட்டது என்றே நம்புகிறேன்.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும்போது சற்றே நின்று பாருங்கள். இன்று மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலம் இருக்குமிடத்தில், 1726-ஆம் ஆண்டில், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு முதலில் பாலம் அமைத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைப் படிகளையும் கட்டுவித்த அப்பெருமகன், பாலத்தின் பராமரிப்புக்கென்றும் தனியே நிதி வைத்துச் சென்றார். தாம் மறைந்த பின்னரும், முகமறியாத யாரோ ஒருவர் கால் நனையாமல் அக்கரை சேரவேண்டுமென்று கவலைப்பட்ட அந்தச் சிந்தையே என்னை மிகவும் உருக்குகிறது.

நம்மிடம் அத்தகைய ஐசுவரியம் இல்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில், உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, காணிக்கைக்கென்று வேறு கலயத்தில் சேர்த்துவைக்கும் பிடியரிசி வழக்கம் தலைமுறைகளாக உண்டு. நம் பசி தீர்ந்தபின் மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. பசிக்கு முன்னரே, நாள் தவறாமல், பிறர் பங்கைப் பிரித்து வைக்கும் கையோ, மனம் இணங்கும்வரை காத்திராமல் மனத்துக்கே குருவாகிவிடுகிறது. நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். மாத முடிவில் அது யாருக்குச் சேரவேண்டுமென்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம்.