பணவீக்கம் இறங்கியது, விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைக் கடையிலோ விலை குறையக் காணோமே?
– ஒரு வாசகி, கொழும்பு 06

பதில்: பணவீக்கம், விலை ஏறுகிற வேகத்தைச் சொல்கிறது. மாடிப்படி ஏறுபவர் களைத்து நின்றால் வேகம் குறையும். ஆனால் ஆள் மேலேதான் நிற்பார்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் ஏறக்குறைய 170 ரூபாயானது. அடுத்த ஆண்டு 172. வேகம் விழுந்தது, விலை அங்கேயே நின்றுவிட்டது.

விலை அப்படி ஏறியதற்கு முக்கிய காரணம் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. பருப்பு, கோதுமை, பால்மா, எரிபொருள் எல்லாம் கப்பலில் வருபவை.

ஆகவே சம்பளத்தைப் பாருங்கள். 2021இல் 50,000 ரூபாயில் ஓடிய குடும்பத்துக்கு 2023இல் 86,000 தேவைப்பட்டது. வருமானம் அவ்வளவு உயரவில்லையென்றால், உங்கள் பை சொல்வதுதான் சரி.