கைத்தொழில் தெரிந்தவளுக்கு ஏன் சான்றிதழ்?

பெண்களை வலுவூட்டுதல் என்றதும் நாம் தையல் வகுப்பொன்றைத் தொடங்குவது பற்றித்தான் பேசுகிறோம். பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பெண்ணுக்கோ முதற் கேள்வி வேறு: வகுப்பு எத்தனை மணிக்கு?

காலையில் பெரட்டு. பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலை ஏற வேண்டும். மாலை நிறுவை முடிந்து லயத்துக்கு வந்தால் விறகு, தண்ணீர், சமையல். வாரநாளில் பதுளை நகருக்குப் பயிற்சிக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர்களைத் திறனற்ற தொழிலாளர் என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறது. அந்தக் கொழுந்தில் முற்றிய இலை கலந்தால் தரம் கெடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து, வேகமாகக் கிள்ளும் கைக்குத் திறன் இல்லையா? ஆணுக்குச் சமமான நாட்சம்பளம்கூட இந்தக் கைகளுக்கு 1984இல்தான் கிடைத்தது.

இலங்கையில் தேசிய தொழிற்தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பலருக்குத் தெரியாத வழியொன்று இதில் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், அனுபவத்தால் தொழில் கற்றவர் மதிப்பீட்டாளர் முன் அதைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்பது அதன் பெயர்.

எங்கள் வீதியில் தைக்கும் ராத்தா ஒருவரிடம் இதைச் சொன்னேன். பல வருடங்களாக அபாயாவும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். "எனக்கு எதுக்கு மகள் இனி சான்றிதழ்?" என்று சிரித்தார். ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்கோ, வங்கியில் சிறு கடனுக்கோ போகும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, விண்ணப்பம் தமிழில் கிடைக்குமா என்று கேட்டார்.

தோட்டத்துப் பெண்ணும் அதைத்தான் முதலில் கேட்பாள். ஆகவே பயிற்சியும் மதிப்பீடும் தமிழில், தோட்டப் பாடசாலையிலேயே, ஞாயிறு பிற்பகலில் நடக்க வேண்டும். காலை சரிவராது; துணி துவைப்பதும் கடைக்குப் போவதும் அப்போதுதான். பிள்ளை மடுவமும் அன்று இரண்டு மணித்தியாலம் திறந்திருக்க வேண்டும்.