முப்பத்தைந்து எப்படி வந்தது?

அன்பின் தங்கச்சிக்கு,

ஆரம்பக் கணிதத்துக்கு ஆசிரிய ஆலோசகராக நியமனம் கிடைத்தது அறிந்து மிகவும் சந்தோசப்பட்டேன். பச்சிலைப்பள்ளிப் பக்கமும் கண்டாவளைப் பக்கமும் பாடசாலைகள் தந்திருக்கிறார்கள் என்றால், ஆனையிறவை நாளுக்கு இரண்டு தரமாவது கடப்பீர். ஆசிரியர்களுக்கு முதலில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர். நான் இளைப்பாறும் வரைக்கும் செயலமர்வுகளில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி வகுப்பறை வாசலைத் தாண்டவில்லை. தாண்டிய ஒன்றை, ஆனையிறவுக்குக் கிட்ட ஒரு சின்னப் பாடசாலையில் ஒரு பிள்ளைதான் எனக்குக் கற்றுத் தந்தாள்.

தரம் மூன்று. அவளுடைய கொப்பியில் 52 − 27 = 35 என்று இருந்தது. மேலே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. "கடன் வாங்குவதை எத்தனை தரம் காட்டினாலும் ஏறுதில்லை" என்றார் ரீச்சர். நான் சின்னக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "முப்பத்தைந்து எப்படியம்மா வந்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டிலயிருந்து ஏழு போகாது. அதால ஏழிலயிருந்து ரெண்டை எடுத்தன்."

"போகாதெண்டு ஆர் சொன்னது?"

"ரீச்சர்தான்."

உண்மைதான். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க ஏலாது என்று தரம் ஒன்றில் நாங்கள் எல்லோருமே சொல்லிவிடுகிறோம். அவள் அதைக் கேட்டுக் கவனமாய் நடந்திருக்கிறாள். அவளுடைய தகப்பன் உப்பளத்தில் வேலை செய்கிறார் என்று தெரிந்ததால் கேட்டேன்: "ஐம்பத்திரண்டு மூட்டை உப்பு அடுக்கியிருக்கு. இருபத்தேழை லொறியில ஏத்தியாச்சு. மிச்சம் எத்தனை?" விரலை மடக்கினாள். இருபத்தேழோடு மூன்று, முப்பது. பிறகு இருபது, ஐம்பது. பிறகு இரண்டு. "இருபத்தஞ்சு." கொப்பியைக் காட்டி, இதில் முப்பத்தைந்து என்று இருக்கிறதே என்றேன். "அது கணக்கு. இது மூட்டை" என்றாள்.

ரீச்சர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். செயலமர்வில் நான் ஒரு நாள் முழுக்கப் பேசியும் வராத மாற்றம் அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்குள் வந்தது. பிறகு அவர் வகுப்பில் கழித்தலை மூட்டையில்தான் தொடங்கினார்.

மூட்டையில் சரியாய் வருவது கொப்பியில் பிழைத்துப்போவது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. பிரேசிலின் ரெசிபே நகரத்துத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசினா காரஹரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். விற்கிற இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37தான். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு சைபரைச் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் நான்கு வேணும் என்று போய் 350ஐப் பிடித்தான். பளைத் தேங்காய்ச் சந்தையிலும் இந்தக் கணக்கைக் கேட்கலாம்.

ஆசிரியர்களிடம் போகும்போது ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுபோம். மூன்று கதைகள் சொல்லும். கண்ணனிடம் பன்னிரண்டு இருந்தது, ஏழைக் கொடுத்துவிட்டான், மிச்சம் எத்தனை? கண்ணனிடம் ஏழு இருக்கிறது, பன்னிரண்டாக இன்னும் எத்தனை வேணும்? கண்ணனிடம் பன்னிரண்டு, மாலாவிடம் ஏழு, கண்ணனிடம் எத்தனை கூட? எங்களுக்கு மூன்றும் 12 − 7. தரம் ஒன்றுப் பிள்ளைக்கு மூன்றும் மூன்று வேலை. முதலாவதில் எடுத்து அப்பால் வைக்கும். இரண்டாவதில் ஏழின் மேல் ஒவ்வொன்றாய் வைத்துக்கொண்டு போகும். மூன்றாவதில் இரண்டு வரிசை அடுக்கி ஒப்பிட வேணும். பல பிள்ளைகள் அங்கேதான் நின்றுவிடும். சிலர் "பன்னிரண்டு" என்பார்கள். சிலர் பத்தொன்பது என்பார்கள். பத்தொன்பது சொல்கிற பிள்ளை எங்கள் தமிழை நன்றாய்க் கேட்டிருக்கிறது. "கூட" என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டிவிட்டது.

தமிழ் இன்னும் சில இடங்களில் பிள்ளையை இடறவிடும். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து எழுதிய கையேடுகளில் இவை அகப்படா, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இருபது, முப்பது, நாற்பது என்று "பது"வில் பத்துகள் வரிசையாய்ப் போகின்றன. ஒன்பதும் அதே ஓசையில் முடிகிறது, ஆனால் அது பத்துக்கும் குறைவு. எண்பதுக்குப் பிறகு வருவதோ தொண்ணூறு. அதற்குள் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. தொண்ணூறு என்றதும் 900 என்று எழுதிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நூற்றைந்தை 1005 என்று எழுதுகிற பிள்ளையும் கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறது: முதலில் நூறு, பக்கத்தில் ஐந்து. அதற்குத் தேவை இடப்பெறுமானம். "கவனமில்லை" என்று கொப்பியில் எழுதினால் அது கிடைக்காது.

கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வைத்து, ஒன்றைப் பரப்பிவிட்டு, இப்போதும் சமனா என்று கேட்டால் சின்னப் பிள்ளை நீளமான வரிசையில்தான் கூட என்று சொல்லும். இது உளவியலாளர் பியாஜே காட்டியது. 1970களில் எடின்பரோவில் மக்கரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் அதே வரிசையை ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து குழப்பிவிட்டதாகச் செய்தார்கள். அப்போது நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் சமன் என்றே சொன்னார்கள். பெரியவர் ஒருவர் எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைக்கும். எங்கள் வகுப்புகளிலும் அதுதான். பிழை விட்டால் மட்டும் "எப்படி?" என்று கேட்பதால், அந்தச் சொல் காதில் விழுந்த உடனே பிள்ளை அழிறப்பரைத் தேடுகிறது. சரியான விடைக்கும் எப்படி என்று கேளும். ஆசிரியர்களையும் கேட்கப் பழக்கும்.

நேரம் இல்லை, புலமைப்பரிசில் பரீட்சை இருக்கு என்பார்கள். அவர்களுடைய பயம் பொய்யல்ல. பெற்றோரும் அதிபரும் கேட்பது அந்தப் புள்ளியைத்தான். அவர்களுக்கு அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்ததைச் சொல்லும். தோமஸ் கார்பென்டர், எலிசபெத் ஃபென்னிமா குழுவினர் தரம் ஒன்று ஆசிரியர்கள் நாற்பது பேரை எடுத்து, பாதிப்பேருக்கு நான்கு வாரம் பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கினார்கள். இப்படித்தான் படிப்பியுங்கள் என்று சொல்லவில்லை. 1989இல் வந்த முடிவு: அந்த ஆசிரியர்கள் எண்சேர்க்கைகளைப் பாடமாக்குவதில் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் செலவழித்தார்கள், ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் அதிலும் பின்தங்கவில்லை.

இனி உம்மைப் பற்றி. நீர் சந்திக்கப்போகிறவர்களில் சிலர் யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியர்களாக மரத்தடியில் படிப்பித்தவர்கள். சிலர் யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்கள் படிப்பிக்கிற விதத்துக்கும் காரணம் இருக்கும். அந்த ரீச்சர் "போகாது" என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளையிடம் கேட்பது போலவே அவர்களிடமும் கேளும். பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாளும் திருத்தாதேயும்.

முதல் பாடசாலைக்குப் போகிற அன்று மேற்பார்வைப் படிவத்தைப் பையை விட்டு எடுக்காதேயும். கொப்பியில் ஒரு சிவப்புக் கோட்டைத் தேடி, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இரும். ரீச்சரையும் மற்றப் பக்கத்தில் இருத்தும். பிள்ளை சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் அன்றிரவே எனக்கு எழுதியனுப்பும்.