புலி வேட்டையும் அதன் கருவிகளும்

இந்தியாவில் புலி வேட்டை தலைமுறைதோறும் எவ்வாறு மாறிற்று என்பதை அறிய, வேட்டைக்காரரின் வீரக் கதைகளைக் காட்டிலும் அவர் கையிலிருந்த கருவியை ஆராய்வதே பயன் தரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படுவது. ஒரு குண்டு தவறினால், மறு குண்டு இடுவதற்குள் புலி மறைந்துவிடும். அல்லது சுட்டவர்மேல் பாயும். ஆதலின் புலியின் பழக்கங்களையும், நீர்நிலைக்கு அது செல்லும் தடத்தையும் நன்கறிந்த காட்டுவாசி ஒருவரின் துணையின்றி வேட்டை கைகூடுவது அரிதாயிருந்தது.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பின்புறம் தோட்டா இடும் ரைபிளும், இறுதியில் புகையற்ற வெடிமருந்தும் வந்தன. சுடும் தொலைவு மிகுந்தது. அடுத்தடுத்துச் சுடவும் இயன்றது. விருந்தினர் பரண்மீதோ யானைமீதோ அமர்ந்திருக்க, ஆட்கள் காட்டைக் கலைத்துப் புலியை அவர் முன்னே ஓட்டி வருவர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்துத் தராய்க் காட்டில் வேட்டையாடியபோது, பத்து நாட்களில் 39 புலிகள் வீழ்ந்தன. சர்குஜா மகாராஜா ஒருவர் 1,100-க்கு மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இதனை வேட்டைத் திறன் என்பதா, வெறும் கூட்டல் கணக்கு என்பதா?

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜீப்பும் கைமின்விளக்கும் பெருகின. பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், இருளில் அவற்றின் கண்கள் தணல்போல் ஒளிரும். அவ்வொளியே குறியாயிற்று. தடம் பார்க்கத் தேவையில்லை; நடக்கவும் தேவையில்லை. 1947 அளவில் கொரியா சமஸ்தானத்தில் இரவில் சுடப்பட்ட மூன்று சிவிங்கிப்புலிகள், இந்நாட்டில் அவ்வினத்தின் கடைசிச் சான்றுகளுள் எண்ணப்படுகின்றன. 1952-ல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. காடு திருத்தி வயலாக்கியதும் இதற்கு ஒரு காரணமே.

புலி வேட்டை 1970-ல் தடை செய்யப்பட்டது. 1972-ல் எடுத்த கணக்கில் புலிகள் 1,827 எனக் கண்டனர். அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973 ஏப்ரல் 1-ல் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன.

அக்கணக்கு எடுக்கப்பட்ட முறை கருதத்தக்கது. புலியின் அடிச்சுவட்டைக் கண்ணாடித் தகட்டில் வரைந்தும், சுண்ண அச்சாக வார்த்தும் ஒப்பிட்டனர். பழைய வேட்டைத் துணைவரின் வித்தையே அது. ஆயின் ஒரே புலியின் சுவடு ஈர மணலில் விரிந்தும், கெட்டி மண்ணில் சுருங்கியும் காணும். ஒன்று இரண்டாக எண்ணப்படுதல் எளிது. 2004-05-ல் ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் நேர்ந்தது இதுவே: ஏட்டில் புலிகள் இருந்தன, காட்டில் ஒன்றும் எஞ்சவில்லை. கள்ள வேட்டை அவற்றைக் கொண்டுபோயிற்று.

2006 முதல் தானியங்கிப் புகைப்படக் கருவிகளைக் காட்டில் பொருத்தி, ஒவ்வொரு புலிக்கும் தனியே அமைந்த வரிகளைக் கொண்டு எண்ணுகின்றனர். 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு 3,682. அக்கருவியை எம்மரத்தில் கட்டுவது என்பதை இன்றும் சுவடே காட்டுகிறது. சுவட்டைக் காணும் பணியாளர், அதன் நீள அகலத்துடன் மண்ணின் தன்மை, ஈரம், கண்ட நாள், நேரம் ஆகியவற்றையும் அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.