இலக்குத் தாள் சொல்லும் செய்தி
(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மதுக்கரையில் பிறந்தவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. இராணுவத்தின் சுடுதளம் ஊரை ஒட்டியே இருப்பதால் காலை நேரத்தில் அந்த ஓசை எங்கள் தெருவரை கேட்கும். ஆனால் சுட்ட பின் அந்தத் தாள் என்ன ஆகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். அதுவும் ஒரு தோல்வியின் வழியாக.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்குத் தாள் 17 செ.மீ. சதுரம். அதில் ஒரே மையமுள்ள பத்து வட்டங்கள். 10 என்னும் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; வெளியே செல்லச் செல்ல ஒவ்வொரு வட்டமும் விட்டத்தில் 16 மி.மீ. கூடும். 7 முதல் 10 வரையுள்ள பகுதி மட்டும் கறுப்பு. அதன் விட்டம் 59.5 மி.மீ. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. துளையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த எண் கிடைக்கும். ஆகவே துளையின் மையம் தாளின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் 10, 16க்குள் 9, 24க்குள் 8, இப்படியே தொடரும். பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் இந்த 8 மில்லிமீட்டரையும் பத்தாகப் பகுத்து 10.0 முதல் 10.9 வரை எண் தருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 0.1 புள்ளியில் வெள்ளி வாய்ப்பை இழந்து வெண்கலம் பெற்றார். அந்த 0.1 என்பது தாளில் 0.8 மி.மீ.தான்! (கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் ஏர் ரைபிள் தாள் இன்னும் கொடியது. அங்கே 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி.)

கறுப்பின் நடுவைக் குறிபார்ப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். பலர் அப்படிச் செய்வதில்லை. கருநிற முன்குறி கறுப்பு வட்டத்தின் மேல் வந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். எனவே வட்டத்துக்குக் கீழே சிறிது வெள்ளை தெரியும்படி பிடித்து, குண்டு மேலே நடுவில் விழுமாறு பின்குறியைத் திருகித் திருத்திக்கொள்கிறார்கள். இந்தத் திருத்தம் ஆளுக்கு ஆள், கண்ணுக்குக் கண் வேறுபடும்.

இனி என் கதை. சென்ற ஆண்டு ஓர் அணித் தேர்வில் கடன் வாங்கிய பிஸ்டலால் ஐந்து குண்டுகள் சுட்டேன். 7, 7, 7, 7, 6, மொத்தம் 34. என்னுடன் சுட்ட நண்பர் 10, 9, 9, 8, 8 என 44 பெற்றார். கணக்கெடுத்தவர் கூட்டுத்தொகையைப் பார்த்தார்; அவரைச் சேர்த்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். நமக்கு இது கைவராது என்று நானும் பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகொரு நாள், ஏர் பிஸ்டல் பயிலும் முதுகலை அண்ணன் ஒருவர் என் பையிலிருந்த அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இதையா மோசம்ங்கறே? எண்ணைப் பாக்காதே, துளையெல்லாம் எப்படிக் கூடியிருக்குதுன்னு பாரு" என்றார்.

அன்றிரவு அளவுகோலை வைத்து அளந்தேன். ஐந்து துளைகளின் மையங்களும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே வட்டத்துக்குள் அடங்கின. அந்த வட்டம் தாளின் நடுவிலிருந்து கீழே இடப்பக்கமாக ஏறத்தாழ 30 மி.மீ. தள்ளி இருந்தது. அதை அப்படியே நடுவுக்கு நகர்த்தினால் எந்தத் துளையும் மையத்திலிருந்து 10 மி.மீ.க்கு மேல் போகாது. அதாவது ஒவ்வொன்றும் குறைந்தது 9. மொத்தம் குறைந்தது 45. நண்பரின் துளைகளோ நடுவைச் சுற்றி நாலா பக்கமும் சிதறியிருந்தன. அவற்றை எந்தப் பக்கம் நகர்த்துவது?

நம் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை எடுத்ததும் முதலில் சுழிப்பிழை பார்க்கிறோம் அல்லவா? அதே பிழைதான் இது. முறையான பிழையைக் கண்டுபிடித்தால் கழித்துவிடலாம்; ஒழுங்கற்ற பிழையைப் பயிற்சியால்தான் குறைக்க முடியும். பிஸ்டலின் இரு குறிகளுக்கும் இடைவெளி சுமார் 35 செ.மீ. என்று கொள்வோம். பின்குறி 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் 10000/350, அதாவது ஏறக்குறைய 28.6 மி.மீ. விலகும். என் 30 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பது விளங்கிவிட்டது. பின்குறி வேறொருவர் கண்ணுக்குத் திருத்தப்பட்டிருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. கை அசையாமல் இருப்பதைவிட இரு குறிகளும் நேராக இருப்பதே முக்கியம் என்று சொல்வதன் காரணமும் இதுவே. கை 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் துளையும் 1 மி.மீ.தான் நகரும்.

ஒன்று சொல்ல வேண்டும். வலக்கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தாலும் குண்டு கீழே இடப்பக்கம் போகும். அப்படியானால் கூட்டம் இவ்வளவு நெருக்கமாக இராது என்பது என் எண்ணம்; ஆனால் ஐந்து குண்டுகளை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. போட்டி நாளில் கூட்டுத்தொகைதான் தீர்ப்பு; அதில் எனக்கு முறையீடு இல்லை. யாரைப் பயிற்றலாம் என்று தேடும் நாளில் மட்டும் தாளைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

அந்தத் தாளை ஆய்வேட்டில் திருகு அளவிப் பக்கத்துக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. இம்முறை முதல் ஐந்து குண்டுகளைப் பின்குறியைத் திருத்துவதற்காகவே சுட அனுமதி கேட்கப்போகிறேன்.