பழுப்பு முட்டையிடும் கனத்த கோழிகள்

கும்பகோணம் பகுதியில் பழுப்பு முட்டைக்கு வெள்ளை முட்டையினும் நல்ல விலை உண்டு. ஓட்டின் நிறத்தால் சத்து மிகுவதில்லை. அது இனத்தைப் பொறுத்த சாயமே. ஆயினும் வாங்குவோர் விரும்பும்போது நாம் மறுப்பானேன்?

முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே உதவும் இனங்களுள் ரோட் ஐலண்ட் ரெட் பழமையானது. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய வனராஜா விரைவில் எடை கூடும்; ஆண்டுக்குச் சுமார் 100 பழுப்பு முட்டைகள் இடும். முட்டையே முக்கியமெனில் அந்நிலையத்தாரின் கிராமப்பிரியா ஏற்றது.

வனராஜா கலப்பினம் என்பதை விவசாயிகள் மறத்தலாகாது. அதன் முட்டையைப் பொரிக்க வைத்தால், தாயின் எடையும் முட்டைத் திறனும் குஞ்சுகளுக்கு அப்படியே வாய்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பண்ணையில் குஞ்சு வாங்குதல் வேண்டும். அச்செலவு இயலாதோர் ரோட் ஐலண்ட் சேவலையும் பெட்டையையும் பிற கோழிகளுடன் கலவாமல் வளர்த்து, வீட்டிலேயே பெருக்கலாம். இவை அடைகாப்பதில் நாட்டம் குறைந்தவை. அதற்கு நாட்டுப் பெட்டையே தக்கது.

களத்தில் சிந்திய நெல்லை மட்டுமே தின்று கொழுத்த கோழி முட்டையைக் குறைத்துவிடும். கீரையும் கரையானும் கிடைக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரை இரத்தக் கழிச்சலுக்கு இடமாகும். கூட்டின் தரையை மேடாக்கி, நம் அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமியைப் பரப்புக.

வெள்ளைக் கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய் ஊர்க்கோழிகளையே துடைத்துவிடக் கூடியது. முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் தேவை. ஒரு வீடு தவறினும் பிற வீடுகளுக்கு ஆபத்தாதலால், கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து, ஊர் முழுவதற்கும் ஒரே நாளைப் பஞ்சாயத்து குறித்தல் வேண்டும்.